தூரிகை யார் கையில்? – கறுப்பினச் சித்திரக்கதை வரலாறும் வன்னி மக்களும்

சித்திரக்கதையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அது சிறுவர்க்குரியது, பொழுதுபோக்கிற்குரியது என்ற எண்ணமே கற்றோரிடையே நிலவுகின்றது. ஆயினும், தாம் ஒருபோதும் நேரிற் கண்டிராத மக்களைப் பற்றிய முதற் படிமத்தைப் பலர் சிறுவயதிற் பெற்றுக்கொள்வது இவ்வகைக் கதைகளிலிருந்தே என்பதை நோக்கும்போது, இவ்வலட்சியம் பொருத்தமற்றது என்பது புலனாகும்.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், ஆங்கில மூலங்களைக் கொண்ட சித்திரக்கதைகளைத் தமிழ் வாசகரிடையே பரப்பிற்று. அவ்வழியே ஈழத்து வாசகரை வந்தடைந்த கதைகளுள் மாண்ட்ரேக், வேதாளர் ஆகியோரின் கதைகளும் அடங்கும். இரண்டையும் படைத்தவர் லீ ஃபால்க் என்னும் அமெரிக்கர். 1934இல் தொடங்கிய மாண்ட்ரேக் கதையில் லோதார் என்னும் ஆபிரிக்கர் ஏழு நாடுகளின் கூட்டமைப்புக்கு இளவரசர்; எனினும் சிறுத்தைத் தோலுடுத்து, சிதைந்த மொழி பேசி, வெள்ளை மந்திரவாதியின் ஏவலாளாகவே வலம்வந்தார். 1965இல் ஃபிரெட் ஃபிரெட்ரிக்ஸ் என்னும் ஓவியர் பொறுப்பேற்ற பின்னரே அவருக்குத் திருத்தமான பேச்சும் நாகரிக உடையும் வாய்த்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உச்சநிலையை அடைந்திருந்த காலமும் அதுவே.

1936இல் தோன்றிய வேதாளர் கதை வேறொரு வகையில் நமக்கு நெருக்கமானது. அதில் காட்டின் மக்கள் ஒரு வெள்ளையரின் பரம்பரைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டு வாழ்கின்றனர். 1964இல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் இக்கதைகளை வெளியிட முற்பட்டபோது, கதையில் வரும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியமையால் அது ‘டெங்காலி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறியதேயன்றி ஆள்வோர் யார், ஆளப்படுவோர் யார் என்ற ஒழுங்கு மாறவில்லை. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்டுப் பதினேழு ஆண்டுகளேயான ஒரு நாட்டின் வாசகர், அக்கதையில் தம்மை ஒத்த நிலையில் இருப்போர் யாவர் என்று கேளாமலே அதனைப் படித்தனர்.

நாமும் கேட்கவில்லை. வேதாளரோடு குதிரையேறினோமேயன்றிக் காட்டு மக்களோடு நடந்தோமல்லேம். ஆபிரிக்கரைக் குறிக்க நம் பேச்சு வழக்கில் இன்றும் பயிலும் ‘காப்பிலி’ என்னும் இழிசொல் இம்மனப்பாங்கிற்குச் சான்றாகும். ஐரோப்பியராற் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். தம் ‘மாஞ்சா’ இசையைப் பேணி வருகின்றனர். ஒரே தீவில் வாழும் அம்மக்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. லோதாரைப் பற்றி அறிந்ததோ மிக அதிகம்.

பிறர் வரைந்த இம்முகத்தை அமெரிக்கக் கறுப்பினத்தவர் மறுப்பின்றி ஏற்றனர் எனக் கொள்ளலாகாது. ஜாக்கி ஓர்ம்ஸ் என்னும் பெண் ஓவியர் 1937இல் ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’ என்னும் கறுப்பினப் பத்திரிகையில் டோர்ச்சி பிரவுன் என்ற இளம்பெண்ணின் கதையை வரையத் தொடங்கினார். தெற்கின் மிசிசிப்பியிலிருந்து நியூயோர்க்கிற்குப் பெயர்ந்து செல்லும் அப்பெண்ணின் கதை, அக்காலத்தில் இலட்சக்கணக்கானோர் மேற்கொண்ட இடப்பெயர்வின் கதையுமாகும். 1947இல் பிலடெல்பியாவின் பத்திரிகையாளர் ஒரின் எவன்ஸ் ‘ஓல்-நீக்ரோ கொமிக்ஸ்’ என்னும் இதழை வெளியிட்டார். எழுதியோரும் வரைந்தோரும் கறுப்பினத்தவரே. அதன் நாயகருள் ஒருவர், ஐக்கிய நாடுகள் சபையால் மேற்கு ஆபிரிக்காவின் தங்கக் கரைக்கு அனுப்பப்படும் கறுப்பின விஞ்ஞானி. ஆயின் இரண்டாம் இதழுக்கு அச்சுத்தாள் விற்க வணிகர் முன்வரவில்லை. முதல் இதழே இறுதி இதழுமாயிற்று. 1990களிற் பொருளாதாரத் தடையின்கீழ் அச்சுத்தாளுக்கு அலைந்த வடபுலத்துப் பத்திரிகைகளை அறிந்த நமக்கு இந்நிகழ்ச்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1966இல் ‘பிளாக் பந்தர்’ என்னும் கறுப்பின வீரரை மார்வெல் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. படைத்த ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் வெள்ளையரே. கறுப்பினத்தவரான கிறிஸ்டோபர் பிறீஸ்ற் அவ்வீரரின் தொடரை எழுதத் தொடங்கியது 1998இல். இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இதற்கிடையே 1993இல் டுவெயின் மக்டஃபி, டெனிஸ் கொவன், மைக்கல் டேவிஸ், டெரெக் டிங்கிள் என்னும் நால்வர் ‘மைல்ஸ்டோன்’ நிறுவனத்தை அமைத்தனர். அச்சையும் விநியோகத்தையும் ஒரு பெருநிறுவனத்திடம் விட்டு, பாத்திரங்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். கறுப்பு முகம் கதையில் இடம்பெறுவது வேறு, அம்முகத்தின் விதியைத் தீர்மானிக்கும் உரிமை வேறு என்பதை அவர்கள் தெளிந்திருந்தனர்.

இத்தெளிவோடு வன்னியை நோக்குவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மக்களின் வாழ்வை உலகறியச் செய்த சித்திரநூலாக 2019இல் வெளிவந்த ‘வன்னி’ விளங்குகின்றது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லின்ட்சே பொலொக். இருவரும் பிரித்தானியர். டிக்ஸ் 2004 முதல் 2008 வரை ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராக வன்னியில் இருந்தவர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலிருந்து 2009 மே வரை இராமச்சந்திரன் குடும்பம் அடைந்த அல்லல்களை, தப்பியோரின் வாக்குமூலங்களை ஆதாரமாகக் கொண்டு நூல் விவரிக்கின்றது. குடும்பம் கற்பனையானது, நிகழ்ச்சிகளோ பலரின் பட்டறிவிலிருந்து பெறப்பட்டவை.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பு கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, செல்ல வேண்டாம் என மக்கள் அலுவலக வாயிலில் நின்று மன்றாடினர். அன்று வெளியேறியோருள் டிக்ஸும் ஒருவர். அந்நூல் தோன்றியதற்கு அக்குற்றவுணர்வும் ஒரு காரணம் எனலாம். நூலின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. வெளியார் எழுதினர் என்பதற்காக அதனைத் தள்ளிவிடுவதும் முறையன்று. சாட்சியங்கள் அழிக்கப்பட்ட சூழலில், சாட்சி கூறியோரின் பெயரையும் முகத்தையும் காத்தவாறே அவர்தம் துயரைக் காட்டுவதற்கு ஓவியம் துணைபுரிந்தது.

எனினும் இங்கு ஓர் ஒப்பீடு அவசியமாகின்றது. அமெரிக்கக் குடியுரிமைப் போராளி ஜோன் லூயிஸின் வரலாற்றைக் கூறும் ‘மார்ச்’ என்னும் மூன்று பாகச் சித்திரநூல் 2013 முதல் 2016 வரை வெளிவந்தது. அதனை வரைந்த நேற் பவல் வெள்ளையர். ஆயினும் கதை சொல்பவர் லூயிஸ். எதனைச் சொல்வது, எங்கே தொடங்குவது என்பவற்றைத் தீர்மானித்தவர்களுள் அவரே முதல்வர். எனவே, வரையும் கையின் நிறம் மட்டும் பிரச்சினையன்று. கதையின் மீதான அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே பிரச்சினை. நம் துணைக்கண்டத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2011இல் வெளிவந்த ‘பீமாயனா’வில் அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோர் வரைந்தபோது, சித்திரக்கதைக்குரிய கட்டங்களையே கைவிட்டுத் தம் மரபுக் கோலங்களாற் பக்கங்களைப் பிரித்தனர். அதிகாரம் கைமாறும்போது வடிவமும் மாறும் என்பதற்கு அந்நூல் சான்று.

வன்னியில் இது நிகழுமாயின், ‘வன்னி மக்கள்’ என்போர் யாவர் என்ற வினாவும் உடன் எழும். 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையக மக்கள், நிலமற்ற கூலியாளராகவும் ஏளனத்திற்கு ஆளானோராகவும் நம்மிடையே வாழ்ந்தனர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் உளர். பிறர் நம்மை வரைந்ததைக் குறைகூறும் நாம், இவர்களை எவ்வாறு வரையப் போகின்றோம்? லோதாரின் சிறுத்தைத் தோலை நம்முள் எளியோர்க்கு உடுத்திவிடும் ஆபத்து நமக்கும் உண்டு. ஓர்ம்ஸ் தம் இனத்துப் பெண்ணைத் தாமே வரைந்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

2009இன் சாட்சிகள் இன்னும் நம்மிடையே உளர். ஆண்டுதோறும் குறைந்தும் வருகின்றனர். ஓவியம் பயிலும் மாணவரும் நம் பல்கலைக்கழகங்களில் உளர். இவ்விரு சாராரையும் ஒன்றுகூட்டி, சொல்வோரின் ஒப்புதலோடும் பாதுகாப்போடும் அவர்தம் கதைகளைப் பதிவுசெய்து, உரிமையை அவர்களிடமே விட்டுவைக்கும் முயற்சியைத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளல் வேண்டும். எவன்ஸுக்குக் கிடைக்காத அச்சுத்தாள் இன்று நமக்குக் கிடைக்கின்றது. காலந்தாழ்த்துவதற்கு நாம் கூறத்தக்க காரணம் வேறெதுவும் இல்லை.