புகையின் விலையும் வகுத்தலின் அறமும்

கலிபோர்னியாவின் காலநிலைச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். அன்றுதான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவிலுள்ள ட்ரெஷர் தீவில், அப்போதைய ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் ‘சட்டமுன்வரைவு 32’இல் கையொப்பமிட்டார். 2020க்குள் மாநிலத்தின் பசுங்குடில் வாயு உமிழ்வை 1990ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைப்பது அதன் இலக்கு. ஆனால் அச்சட்டத்தின் வழி வந்த வருவாயில் எளிய மக்களுக்கு ஒரு பங்கு எவ்வாறு உறுதியாயிற்று என்று கேட்டால், இன்னும் இருபது ஆண்டுகளேனும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அக்கதையில் ஆளுநர்களுக்கு முன்னே வந்து நிற்பவர்கள் ஆங்கிலம் அறியாத வேளாண் கூலிகள்.

1984இல் கலிபோர்னியாவின் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக ஆலோசனை நிறுவனம் ஒன்று ஓர் அறிக்கை தயாரித்தது. கழிவெரிப்பு ஆலைகளை எங்கே அமைத்தால் எதிர்ப்புக் குறைவாக இருக்கும் என்பதே அதன் ஆராய்ச்சி. வருமானமும் கல்வியும் குறைந்த மக்கள் வாழும் இடங்களில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருக்கும் என்பது அது கண்ட முடிவு. நச்சுப்புகை ஏழைகளின் வாசலில் வந்து நிற்பது தற்செயலானது என்று எண்ணியிருந்தோர்க்கு இவ்வறிக்கை ஒரு விடையாயிற்று.

சான் வாக்கின் பள்ளத்தாக்கில் கெட்டில்மன் சிட்டி என்றொரு சிற்றூர் உண்டு. பெயரில்தான் நகரம், அந்நாளில் மக்கள்தொகை ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் பண்ணைத் தொழிலாளர். அவ்வூருக்கு அருகே நச்சுக்கழிவுக் கிடங்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அங்கேயே எரியுலை ஒன்றையும் அமைக்கும் திட்டம் 1988இல் ஊராருக்குத் தெரியவந்தது. ஏறத்தாழ ஆயிரம் பக்க ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ‘தூய காற்றுக்கும் நீருக்குமான மக்கள்’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கிய ஊரார் நீதிமன்றம் சென்றனர். பாதிக்கப்படும் மக்களின் மொழியில் தராத ஆவணத்தை வைத்துக்கொண்டு அவர்களுடைய பங்கேற்பு நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது என்ற வாதம் 1991இல் வென்றது. 1993இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. சுற்றுச்சூழல் நீதி வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு மொழியுரிமைத் தீர்ப்பாகவும் அமைந்தது என்பதை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

*

அதே 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் காற்றுத்தர நிர்வாகம் ‘விதி 1610’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பழைய கார்களை விலைக்கு வாங்கி உடைத்துப்போடும் நிறுவனங்கள், அதனால் குறைந்த புகையைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்; அந்த வரவைக் காட்டித் தம் ஆலையில் செய்ய வேண்டிய சீரமைப்பைத் தவிர்க்கலாம். எண்ணெய் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. கார்கள் நான்கு மாவட்டங்களிலும் பரவலாக ஓடியவை. ஆனால் கப்பல்களில் எண்ணெய் ஏற்றும் துறைகளிலிருந்து கிளம்பிய பென்சீன் கலந்த ஆவியோ, வில்மிங்டன் போன்ற ஏழைக் குடியிருப்புகளின் மேல் மட்டும் கவிந்தது. கணக்கேட்டில் மொத்தப் புகை குறைந்தது. ஒரு தெருவின் மூச்சு மட்டும் திணறியது. 1997இல் இதற்கெதிராகக் குடியுரிமைப் புகார் எழுந்தது.

சந்தைமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் இம்மக்கள் ஏன் ஐயுற்றனர் என்பதற்கு இதுவே விளக்கம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தனக்கென ஒரு சுற்றுச்சூழல் நீதி ஆலோசனைக் குழுவை அமைக்கச் சொன்னது. உமிழ்வுக்கு வரம்பு விதித்து, அந்த வரம்புக்குள் உரிமங்களை வாங்கவும் விற்கவும் விடும் முறையை மாநிலக் காற்று வள வாரியம் முன்வைத்தபோது, 2008இல் அக்குழு அதை எதிர்த்தது. மாற்றாகக் கார்பன் கட்டணத்தை ஆதரித்தது. கேளாமற்போகவே, சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. மாற்று வழிகளை வாரியம் போதிய அளவு ஆராயவில்லை என்று 2011இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாரியம் கூடுதல் ஆய்வறிக்கை ஒன்றைச் சேர்த்துவிட்டு முன்சென்றது.

இடையில் 2010இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. வேலையின்மை 5.5 விழுக்காட்டுக்குக் குறையும்வரை காலநிலைச் சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற ‘முன்மொழிவு 23’ மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. டெக்சாஸ் எண்ணெய் நிறுவனங்கள் அதற்குப் பெரும்பணம் கொடுத்தன. சட்டத்தின் சந்தைப் பகுதியை எதிர்த்துவந்த அதே அமைப்புகள், சட்டத்தைக் காப்பதற்காக வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்டன. முன்மொழிவு தோற்றது. சட்டத்தைக் காத்தவர்கள் அதன் பயனில் பங்கு கேட்டது இயல்பு. அவ்வாண்டிலேயே கெவின் டி லியோன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த பங்கீட்டு முன்வரைவை ஷ்வார்ஸ்நேகர் மறுத்திருந்தார். மேலவைக்குச் சென்ற பின் டி லியோன் மீண்டும் முயன்றார். 2012 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ‘மேலவை முன்வரைவு 535’இல் கையொப்பமிட்டார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு டன் உமிழ்வுக்கான உரிமம் 10.09 டாலருக்குப் போயிற்று.

*

535ஆம் முன்வரைவின் வாசகத்தில் இலக்கணம் பயின்றோர் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஏல வருவாயில் 25 விழுக்காடு நலிவுற்ற சமூகங்களுக்குப் பயன்பட வேண்டும். 10 விழுக்காடு அச்சமூகங்களின் எல்லைக்குள் செலவாக வேண்டும். முன்னது நான்காம் வேற்றுமை, பின்னது ஏழாம் வேற்றுமை. ‘மக்களுக்கு’ என்பதை எவரும் நீட்டிப் பொருள்கொள்ளலாம். ஊருக்கு வெளியே நடக்கும் ஒரு பணியின் பயன் ஊருக்குள்ளும் வந்து சேரும் என்று வாதிடலாம். ‘மக்கள் வாழும் இடத்தில்’ என்பதற்கு அவ்வளவு இடமில்லை. நான்கு ஆண்டுப் பட்டறிவுக்குப் பிறகு, 2016இல் வந்த ‘சட்டமுன்வரைவு 1550’ இவ்விடைவெளியை அடைத்தது: 25 விழுக்காடும் நலிவுற்ற சமூகங்களின் எல்லைக்குள்ளேயே செலவாக வேண்டும், அதற்கு மேல் 10 விழுக்காடு, பிற இடங்களில் வாழும் குறைந்த வருவாயினர்க்கு. ஒரு வேற்றுமை உருபை மாற்ற நான்கு ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

நலிவுற்றோர் யார் என்பதை வரையறுக்க ‘கால்என்விரோஸ்கிரீன்’ என்ற வரைபடக் கருவி பயன்பட்டது. காற்றுமாசு, குடிநீர் மாசு, பூச்சிக்கொல்லிப் பயன்பாடு ஆகியவற்றோடு, ஆஸ்துமா, வறுமை, கல்வி, மொழித் தனிமை போன்றவற்றையும் சேர்த்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மதிப்பெண். மேல்நிலையில் வரும் கால்பங்கு வட்டாரங்களே முதன்மையாக நலிவுற்றவை எனக் கொள்ளப்பட்டன. 2013இல் வெளியான முதல் வடிவில் இனமும் ஓர் அளவுகோலாக இருந்தது. அதே ஆண்டில் வந்த திருத்திய வடிவில் அது நீக்கப்பட்டது. ஆயினும் வரைபடத்தில் சிவந்து தெரிந்த இடங்கள் பெரும்பாலும் லத்தீனோ, கறுப்பின மக்கள் வாழும் இடங்களே. கேட்காமல் விட்ட கேள்விக்கும் வரைபடம் விடை சொல்லிவிட்டது.

*

பணம் என்ன செய்தது? நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஃபிரெஸ்னோவின் தென்மேற்குப் பகுதி, சைனாடவுன், நகர மையம் ஆகியவற்றுக்கு 2018இல் ஏறத்தாழ 66.5 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. எத்திட்டங்களுக்குச் செலவிடுவது என்பதை அப்பகுதியினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அடங்கிய குழு கூடிப் பேசி வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. பூங்காவும் வீடுகளும் கல்லூரி வளாகமும் அப்பட்டியலில் இடம்பெற்றன. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியும் இத்தகைய நிதி பெற்றது. 2019இல் இயற்றப்பட்ட குடிநீர்ச் சட்டம், ஏல வருவாயிலிருந்து ஆண்டுக்கு 130 மில்லியன் டாலர்வரை, நைட்ரேட்டும் ஆர்செனிக்கும் கலந்த நீரைக் குடித்துவந்த சிற்றூர்களுக்காக ஒதுக்கியது. உலகின் செல்வம் மிக்க மாநிலங்களுள் ஒன்றில், குழாயில் வரும் நீரைக் குடிக்க முடியாதோர் பத்து லட்சம் பேர் இருந்தனர் என்பதை அச்சட்டத்தால்தான் பலரும் அறிந்தனர்.

மறுபக்கமும் உண்டு. 2013இல் அரசு இந்நிதியிலிருந்து 500 மில்லியன் டாலரைப் பொதுக்கணக்குக்குக் கடனாக எடுத்துக்கொண்டது. 2015 முதல் வருவாயில் கால்பங்கு அதிவேக ரயில் திட்டத்துக்குச் சென்றது. மின்கார் வாங்குவோர்க்குக் கொடுத்த தள்ளுபடியின் பெரும்பகுதி வசதி படைத்தோரிடமே சேர்ந்தது. 2016இல்தான் வருமான உச்சவரம்பு வந்தது.

இவற்றினும் ஆழமான கேள்வி, ஆலைப் புகை குறைந்ததா என்பது. லாரா குஷிங் முதலான ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை முன்னிலும் அதிக பசுங்குடில் வாயுவை வெளியிட்டன. அத்தகைய ஆலைகளின் அருகே வாழ்வோரில் ஏழைகளின் விகிதமும் மிகுதி. பின்னர் வேறு பொருளியலாளர்கள் வேறு முறையில் கணக்கிட்டு, நலிவுற்ற பகுதிகளுக்கும் ஏனைய பகுதிகளுக்கும் இடையிலான மாசு இடைவெளி குறைந்ததாக எழுதினர். விவாதம் முடியவில்லை. 2017இல் திட்டத்தை 2030வரை நீட்டித்தபோது, ஆலைகளின் கார்பன் உமிழ்வைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வட்டாரக் காற்று நிர்வாகங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அதற்கு ஈடாக, வில்மிங்டன், மேற்கு ஓக்லண்ட், ஷாஃப்டர் போன்ற இடங்களின் காற்றை அளந்து சீராக்கத் தனிச்சட்டம் ஒன்று வந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தார்களா, எடுத்ததற்காகக் கொடுத்தார்களா என்று பிரித்தறிவது கடினம்.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் பொருள்சார்ந்த திறன்களை வரிசைப்படுத்துகையில் வகுத்தலை இறுதியில் வைக்கிறது. உரையாசிரியர்கள் அதைச் செலவிடும் முறைமையாகக் கண்டனர். கலிபோர்னியாவின் அனுபவம் அவ்வரிசையின் முதற்படியையும் நம்மை நோக்கச் சொல்கிறது. இங்கே பொருள் வரும் வழியே புகைதான். புகைக்கு விலை கிடைக்கும்வரை பங்கு உண்டு. புகை முற்றும் நின்றால் நிதியும் நின்றுவிடும். ஆகவே பங்கு பெறுவோர் தம் நலத்தையே இரண்டாக அறுத்துப் பார்க்க வேண்டியவராகின்றனர். வேலிக்கு அப்பால் நிற்கும் ஆலையின் உரிமக் கட்டணத்திலிருந்து வேலிக்கு இப்பால் ஒரு பூங்கா அமைவது நல்லதே. அப்பூங்காவில் விளையாடும் குழந்தை எந்தக் காற்றை இழுக்கிறது என்பதும் அதே கணக்கில் வர வேண்டும்.

கலிபோர்னியாவின் முறை பிற இடங்களுக்கும் பரவியது. நியூயார்க் 2019இலும் வாஷிங்டன் மாநிலம் 2021இலும் இத்தகைய பங்கீட்டைச் சட்டமாக்கின. 2021இல் அமெரிக்க நடுவண் அரசு காலநிலைச் செலவுகளின் பயனில் 40 விழுக்காடு இம்மக்களைச் சேர வேண்டும் என்று ஆணையிட்டது. 2025 ஜனவரியில் அவ்வாணை நீக்கப்பட்டது. ஆணையால் வந்தது ஆணையாலேயே போயிற்று. அதே 2025 செப்டம்பரில் கலிபோர்னியா தன் திட்டத்தை 2045வரை நீட்டித்து, ‘வரம்பும் முதலீடும்’ என்று பெயரும் மாற்றிக்கொண்டது. அதிவேக ரயிலுக்கு ஆண்டுக்கு ஒரு பில்லியன் டாலர் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். இனி இருபது ஆண்டுகளுக்கு ஏலங்கள் நடக்கும். ஒவ்வோர் ஆண்டும் பங்கீட்டுப் பேச்சும் நடக்கும். அப்பேச்சு வில்மிங்டனுக்கும் கெட்டில்மன் சிட்டிக்கும் புரியும் மொழியில் நடக்கிறதா என்பதை அவ்வூர்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். 1991இல் அவர்கள் வென்றது அந்தக் கேள்வியை வைத்துத்தான்.