திருவண்ணாமலையில் பெண்களுக்கு எந்த பஸ்சில் இலவசம்? டவுன் பஸ் வராத ஊருக்கு சலுகையும் வராது

திருவண்ணாமலை:

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் அரசு பஸ் வந்து நின்றதும் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது ஃப்ரீ பஸ்சா?" என்பதுதான். போர்டை பார்த்து ஏறுகிறவர்களும் ஒரு முறை கண்டக்டரிடம் கேட்டுக் கொள்கிறார்கள். திட்டம் தொடங்கி பல வருடம் ஆன பிறகும் இந்த சந்தேகம் தீரவில்லை. தீராமல் இருப்பதற்கு காரணம் உண்டு.

சலுகை கொடுக்கப்பட்டது பெண்களுக்கு. ஆனால் அது கிடைப்பதும் கிடைக்காததும் பஸ்சின் வகையை பொறுத்தது.

எப்போது வந்தது?

2021 மே 7-ந் தேதி முதல்-அமைச்சராக பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின், அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவச பயணம். மறுநாளே அமலுக்கு வந்தது. போக்குவரத்து கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட அரசு ரூ.1,200 கோடி தரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2021 ஜூன் மாதத்தில் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் துணைக்கு வரும் ஒருவருக்கும் சலுகை விரிவுபடுத்தப்பட்டது. 2023 சுதந்திர தின விழாவில் 'விடியல் பயணம்' என்று பெயர் சூட்டப்பட்டது.

இந்த பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது என்று மாநில திட்டக்குழு ஆய்வில் தெரியவந்தது. பூ கட்டி விற்கிறவர், வீட்டு வேலைக்கு போகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கிறவர் குடும்பத்தில் 888 ரூபாய் சின்ன தொகை இல்லை. 

எதில் உண்டு, எதில் கிடையாது?

திருவண்ணாமலையில் ஓடும் அரசு பஸ்கள் தமிழ்நாடு அரசு போக்குவரத்து கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தை சேர்ந்தவை. இதில் டவுன் பஸ்கள் நகருக்குள்ளும் சுற்றுப்பட்டு கிராமங்களுக்கும் போகின்றன. இவற்றில்தான் இலவசம். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, வேலூர், விழுப்புரம் என்று போகும் புறநகர் பஸ்களில் டிக்கெட் எடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், விரைவு பஸ்களை பற்றி சொல்லவே வேண்டாம். தனியார் பஸ்களுக்கும் மினி பஸ்களுக்கும் இந்த திட்டம் பொருந்தாது.

பவுர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வெளியூர்களில் இருந்து விடப்படும் சிறப்பு பஸ்களிலும் கட்டணம் உண்டு. "அரசு பஸ்தானே, பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே" என்று ஏறிவிட்டு வழியில் வாக்குவாதம் செய்து பயன் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. டவுன் பஸ்சில் ஏறும் பெண்ணிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. எந்த ஊர், எந்த மாநிலம் என்ற கேள்வியும் இல்லை. அண்ணாமலையாரை தரிசிக்க ஆந்திரா, தெலுங்கானா, கர்நாடகாவில் இருந்து வரும் பெண் பக்தர்களும் நம்ம ஊர் டவுன் பஸ்சில் கட்டணம் இல்லாமல் போகலாம். நம்ம ஊர் பெண்கள் பெங்களூருக்கு போனால் இந்த வசதி கிடையாது. அங்கு கர்நாடகாவில் வசிப்பதற்கான அடையாள அட்டை காட்ட வேண்டும்.

இலவசம் என்றாலும் கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை கட்டாயம் வாங்கிக் கொள்ள வேண்டும். செக்கிங் வந்தால் அதுதான் அத்தாட்சி. எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்ற கணக்கும் அந்த டிக்கெட்டை வைத்துதான். கூட்டம் இருக்கும் ரூட்டில் கூடுதல் பஸ் கேட்கும்போது இந்த கணக்கு உதவும். "காசு இல்லாத டிக்கெட் எதுக்கு" என்று வாங்காமல் விடுவது நமக்கே நஷ்டம்.

டவுன் பஸ் வராத கிராமம்

சிக்கல் இங்குதான் இருக்கிறது. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் மாவட்டத்தில் பெரும்பாலான மக்கள் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ், அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி, கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் திருவண்ணாமலைக்குத்தான் வர வேண்டும். டவுன் பஸ் ரூட்டில் இருக்கும் கிராமத்து பெண் காலணா செலவில்லாமல் வந்து போகிறார். புறநகர் பஸ்சை மட்டும் நம்பி இருக்கும் கிராமத்து பெண் போக வர காசு கொடுக்கிறார். இருவரும் அதே கூலி வேலைதான் செய்கிறார்கள். சொல்லப்போனால் தூரத்தில் இருப்பவருக்குத்தான் செலவு அதிகம்.

பக்கத்து மாநிலங்களில் எப்படி? கர்நாடகாவில் 2023 ஜூன் மாதமும், தெலுங்கானாவில் 2023 டிசம்பர் மாதமும், ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் மாதமும் பெண்களுக்கு இலவச பயணம் தொடங்கியது. மூன்றிலும் சாதாரண பஸ்களோடு எக்ஸ்பிரஸ் பஸ்களும் சேர்க்கப்பட்டன. ஆனால் உள்ளூர் பெண்களுக்கு மட்டும். முதலில் தொடங்கிய தமிழ்நாட்டில் யாருக்கு என்பதில் தாராளம், எந்த பஸ் என்பதில் இறுக்கம்.

இந்த விதியை மாற்றவே முடியாது என்றும் இல்லை. மலைப்பகுதிகளில் டவுன் பஸ் இல்லாததால் அங்குள்ள பெண்களுக்கு பயன் கிடைக்கவில்லை என்று கோரிக்கை எழுந்தது. அதன்பிறகு 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கு திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. ஜவ்வாதுமலையை வைத்திருக்கும் நம்ம மாவட்டத்துக்காரர்கள் இதை கவனிக்க வேண்டும்.

பஸ்சே எட்டிப்பார்க்காத ஊர்களுக்காக 1997-ல் மினி பஸ்கள் வந்தன. 2025 ஜூன் மாதம் புதிய மினி பஸ் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆனால் இவற்றை ஓட்டுவது தனியார். அதனால் பஸ் வரும், இலவசம் வராது.

'ஓசி' பேச்சு

2022 செப்டம்பரில் அப்போதைய அமைச்சர் பொன்முடி, பஸ்சில் பெண்கள் 'ஓசி'யில் போவதாக பேசியதற்கு கடும் எதிர்ப்பு கிளம்பியது. அவர் பிறகு விளக்கம் அளித்தார். பஸ்சுக்கு ஆகும் டீசலும் டிரைவர், கண்டக்டர் சம்பளமும் மக்களின் வரிப்பணம். பெண்களும் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டுகிறார்கள். இதில் ஓசி எங்கே வந்தது?

பஸ்சில் யார் ஏறலாம் என்ற சண்டை தமிழ்நாட்டுக்கு புதிதும் இல்லை. சுயமரியாதை இயக்க தலைவர் டபிள்யூ.பி.ஏ.சவுந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். விழுப்புரம் கோட்டம் ஒரு காலத்தில் 'தந்தை பெரியார் போக்குவரத்து கழகம்'. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் தென்மாவட்டத்தில் ஒரு கழகம் தொடங்கப்பட்டபோது, அந்த பெயர் தாங்கிய பஸ்சில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்ப, அது கலவரத்தில் போய் முடிந்தது. கடைசியில் எல்லா கழகங்களிலும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன.

பஸ்சில் தொந்தரவு கொடுத்தால்...

முறைப்பது, விசில் அடிப்பது, சைகை காட்டுவது, உரசுவது எல்லாமே குற்றம்தான். 2022-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிப்படி, அப்படி நடப்பவரை கண்டக்டர் எச்சரிக்க வேண்டும், இறக்கி விடவோ போலீசில் ஒப்படைக்கவோ வேண்டும். கண்டக்டர் பெண் பயணிகளிடம் தவறாக நடந்தாலும் நடவடிக்கை உண்டு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

பெண்களை பார்த்ததும் பஸ்சை நிறுத்தாமல் போவது, ஸ்டாப்பை தாண்டி நிறுத்துவது போன்ற புகார்களை 1800 599 1500 என்ற போக்குவரத்து கழக கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பஸ் நம்பர், நேரம், இடம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் வேலை நடக்கும். ஊருக்கு டவுன் பஸ் வேண்டும் என்று கேட்பவர்கள், திங்கட்கிழமைகளில் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஒருவர் தனியாக கொடுப்பதை விட, ஊர் பெண்கள் சேர்ந்து கையெழுத்து போட்டு, காலையில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்பதையும் எழுதி கொடுப்பது நல்லது. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.