தோட்டத்துக்குச் சட்டம் வந்த வழி

'சட்ட உதவி' என்று வகுப்பில் சொன்னதும் மாணவர்கள் வழக்கறிஞரையும் நீதிமன்றத்தையும்தான் நினைக்கிறார்கள். கெடா தோட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால் கதையே வேறு. நம் தாத்தா பாட்டிகள் முறையிட்ட இடங்களில் பெரும்பாலும் வழக்கறிஞரே கிடையாது.

1909 பேங்காக் ஒப்பந்தத்தால் கெடா சியாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. பினாங்கில் கப்பல் இறங்கிய தமிழர்கள் கங்காணிகளோடு சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். மலாயாவின் பழைய தொழிலாளர் சட்டங்களில் ஒப்பந்தத்தை மீறி ஓடிப்போவது குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். 1920களின் தொடக்கத்தில்தான் இது ஒழிந்தது. அதுவரை தொழிலாளிக்குச் சட்டம் என்றாலே பயம். சம்பளத்தில் குறை என்றால் கிராணி வழியாகத் துரையிடம் சொல்ல வேண்டும். புகாரே கிராணி மேல் என்றால்? அதோடு முடிஞ்சது.

1922 இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின் இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். தோட்டங்களைப் பார்வையிடுவார், குறை கேட்பார், அறிக்கை எழுதுவார். முதலாளிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

போருக்குப் பிறகு ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் பீடோங்கில் போலீசோடு மோதல் வரை போனது. தேர்வில் இதைக் 'கள்ளுக்கடை எதிர்ப்பு' என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள். குறையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மேசைகூட இல்லாத மக்கள் ரோட்டில் கூடினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த மேசை பிறகு வந்தது. என் பார்வையில் பெரிய திருப்பம் 1957 ஜூன் 1இல் அமலுக்கு வந்த 1955 வேலைவாய்ப்புச் சட்டம்தான். அதன் 69ஆவது பிரிவின்படி, சம்பளப் பாக்கி உள்ளவர் தொழிலாளர் இலாகாவில் நேரே புகார் கொடுக்கலாம். அதிகாரியே இரு தரப்பையும் அழைத்து விசாரித்துப் பணத்தைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடுவார். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ஆட்கள் கூடவே போய்ப் பேசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனு எழுதித் தந்தவர்களில் தோட்டத்துத் தமிழாசிரியர்களும் உண்டு. நம் தொழிலுக்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கு.

ஆனால் வீட்டுக்கு அந்த மேசையில் பதில் இல்லை. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு லயமும் போனது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். சட்டம் காப்பாற்றாததைக் காசு சேர்த்துக் காப்பாற்றினார்கள்.

1970இல் அரசின் சட்ட உதவிப் பணியகம் வந்தது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம். விவாகரத்து, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு, இறந்தவர் சொத்து போன்ற சிவில் வழக்குகளுக்கு வருமானம் குறைந்தவர்கள் போகலாம். 1980களில் வழக்கறிஞர் மன்றமும் உறுப்பினர்களின் சந்தாப் பணத்திலேயே சட்ட உதவி மையங்களை நடத்தத் தொடங்கியது. இவையெல்லாம் பட்டணத்தில். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போனால் அன்றைய சம்பளம் போச்சு.

1980ஆம் ஆண்டு பணிநீக்க ஈட்டுத்தொகை விதிகளையும் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டு மரம் சீவியவருக்கு 500 நாள் சம்பளம்! இந்தக் கணக்குத் தெரியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

தோட்டத்தில் வளர்ந்து, சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலைக்குப் போன ஒருவர், என் மாணவியின் அப்பா, ஒருநாள் மலாயில் இருந்த கடிதத்தோடு பள்ளிக்கு வந்தார். ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தது. அது நியாயமில்லை, வேலை திரும்ப வேண்டும் என்றார். அதற்குத் தொழில்துறை உறவு இலாகாவில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். தேதியை எண்ணினேன்: 74 நாள். "யாருமே சொல்லலையே டீச்சர்" என்றார். ஈட்டுத்தொகைக்கான புகார் தனி; அது தொழிலாளர் இலாகாவுக்குப் போவது, அந்த 60 நாள் கெடு அதற்கு இல்லை. அன்று மதியமே அந்த மனுவை இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.