ஓடுகிற காரை ஓடுகிற மாதிரியே எடுப்பது: சோழவரம் முதல் செட்டிபாளையம் வரை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் நடந்தால் நம் பழைய மாணவர்கள் சிலர் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். எல்லாம் விலை உயர்ந்த கேமரா. டயரில் எழுதியிருக்கிற கம்பெனிப் பேரைக்கூடப் படிக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்தால் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது கோயமுத்தூர் வரலாறாக நீண்டுவிட்டது.

முதலில் கணக்கு. வாத்தியாரிடம் கேட்டால் கணக்கு வரத்தானே செய்யும்! மணிக்கு 120 கி.மீ. என்றால் நொடிக்கு 33 மீட்டர் சொச்சம். ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் அதற்குள் கார் நகர்வது 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். அது 6 டிகிரிதான் சுழன்றிருக்கும். கண்ணுக்கு அது நின்ற சக்கரம். அதே கார் 1/60 நொடியில் 55 செ.மீ. போய்விடும், சக்கரம் கால் சுற்றுக்கு மேல் சுழன்று ஆரங்கள் எல்லாம் கலைந்துவிடும். கேமராவை அசைக்காமல் 1/60இல் எடுத்தால் காரும் கரைந்துவிடும். கார் போகிற வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பிக்கொண்டு எடுத்தால் கார் தெளிவாக நிற்கும், பின்னால் இருக்கிற மரமும் கூட்டமும் கோடுகோடாக இழுபடும். இதைத்தான் பேனிங் என்கிறார்கள். எனக்குப் பிடித்த தமிழ்ச் சொல் இன்னும் அமையவில்லை, அதனால் நானும் பேனிங் என்றே சொல்கிறேன்.

இதன் பழைய கதை பிரான்சில் இருக்கிறது. ழாக் ஆன்றி லார்த்தீக் என்று ஒரு பணக்கார வீட்டுப் பையன், 1894இல் பிறந்தவர். கிராண்ட் பிரீ பந்தயத்தில் தன் முன்னால் பாய்ந்துபோன ஒரு காரைக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தார். படம் 1912 என்றே நெடுநாள் எழுதப்பட்டது. 1913ஆம் ஆண்டுப் பந்தயம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அவருடைய கேமராவில் ஷட்டர் என்பது மேலும் கீழுமாக நகரும் ஒரு குறுகிய பிளவு. சக்கரத்தின் அடிப்பகுதி முதலில் பதிவாகி மேல்பகுதி பதிவாவதற்குள் கார் சற்று முன்னே போய்விட்டது. அதனால் சக்கரம் முட்டை வடிவத்தில் முன்னால் சாய்ந்திருக்கிறது. கேமரா திரும்பிக்கொண்டிருந்ததால் நின்றிருந்த மனிதர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். காரில் பாதி படத்துக்கு வெளியே! தோற்றுப்போன படம் என்று அவரே பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தார் என்பார்கள். 1963இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு, உலகம் முழுக்கத் தெரிந்த பந்தயப் படங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. கார்ட்டூன்களில் வேகமாக ஓடும் வண்டிக்குச் சக்கரத்தைச் சாய்த்துப் போடுகிறார்களே, அந்தப் பழக்கமே இந்த மாதிரி ஷட்டர்களிலிருந்து வந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கொங்கு நாட்டில் மோட்டாரும் கேமராவும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டத் தொடங்கினார். அதே மனிதர்தான் வெளிநாடு போனபோது சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்து வந்தார். அவர் கண்டுபிடிப்புகளின் பட்டியலில் சவர பிளேடு, ஓட்டு இயந்திரம் இவற்றோடு, சினிமா கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவியும் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. அவர் குடும்பத்தார் அவிநாசி ரோட்டில் நடத்தும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு (2015இல் திறந்தது) பேரன் பேத்திகளை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அங்கே கார்கள் நிற்கின்றன. நிற்கிற காரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அவை ஓடியதைப் பார்க்க அன்றைக்குச் சோழவரம் போகவேண்டும். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போரில் கட்டிய விமான ஓடுதளம். 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தென்னிந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். ஊரில் டாக்சியாக ஓடும் அம்பாசடர், ஃபியட், டாக்டர் வீட்டு ஹெரால்டு எல்லாம் எஞ்சினை மாற்றிக்கொண்டு அங்கே சீறின. கோவையிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் ராத்திரி ரயிலில் திரும்பிய ரசிகர்கள் நிறையப் பேர்.

போட்டியாளர்களிலும் நம்மவர்கள் உண்டு. லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன் பந்தயம் ஓட்டினார் என்பதோடு நிற்கவில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பேர். எத்தனையோ பையன்களுக்கு அதுதான் முதல் பந்தயக் கார். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார், நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. செட்டிபாளையத்தில் 2003 வாக்கில் வந்த, ஏறக்குறைய 2.1 கி.மீ. நீளத் தடத்துக்கு அவர் பேர்தான். ராலி வீரர் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனது உங்களுக்குத் தெரியும். ஃபார்முலா மாருதிகளே இன்றைக்குப் பழைய கார் கணக்கில் சேர்ந்துவிட்டன!

இப்போது அந்தக் காலத்துப் படக்காரரை நினைத்துப் பாருங்கள். 120 ரோல் போட்டால் பன்னிரண்டே படம். ஆர்வோ ஃபிலிம், அல்லது நம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’. (1960இல் தொடங்கிய அந்த ஆலை மூடிக் கிடப்பதை அந்தப் பக்கம் போகும்போது பார்த்தால் மனசு கனக்கிறது.) கையில் யாஷிகா மாதிரி இரட்டை லென்ஸ் கேமரா இருந்தால், மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். கார் இடமிருந்து வலம் வந்தால் கண்ணாடியில் வலமிருந்து இடம் ஓடும். அதைப் பார்த்துத் திருப்பினால் கை எதிர்ப்பக்கம் போகும். தெரிந்தவர்கள் மூடியை மடித்து, அதில் இருக்கும் சதுர ஓட்டை வழியாக நேராகப் பார்த்து எடுப்பார்கள். வசதியானவர்களிடம் எஸ்.எல்.ஆர். இருந்தது. அதிலும் படம் பதிகிற நேரத்தில் உள்ளே கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், பார்வை இருட்டாகிவிடும். கார் எங்கே இருக்கிறது என்று கண் சொல்லாது, இடுப்புதான் சொல்லவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மிகவும் எளிய ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஷட்டருக்கு ஒரே வேகம், ஏறக்குறைய 1/30. மத்தியான வெயிலில் நெகட்டிவ் கறுத்துப்போகும், அச்சுப் போடுகிறவர் திட்டுவார். ஆனால் அதில் காரை உறைய வைக்க வழியே இல்லாததால், பேனிங் செய்யாமல் பந்தயப் படமே வராது. அதனால் கிளிக் வைத்திருந்த பையனுக்கு ஓட்டம் படத்தில் வந்தது, 1/1000 வைத்திருந்தவருக்கு நின்ற கார் வந்தது. இன்றைக்கும் கதை அதேதான். டிஜிட்டல்காரர்கள் ஐ.எஸ்.ஓ.வை 100க்கு இறக்கி, துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினால்தான் நம் வெயிலில் 1/60 கிடைக்கும். அதற்கும் கீழே போகவேண்டும் என்றால் லென்ஸ் முன்னால் சாம்பல் நிற ஃபில்டர் மாட்டுங்கள்.

கை பழகும் முறையைச் சொல்கிறேன். எந்த இடத்தில் பட்டனை அழுத்தப் போகிறீர்களோ, அந்தப் பக்கமாகக் கால்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்தில் வரும் காரைப் பிடியுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கட்டும். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பந்தை அடித்த பிறகும் மட்டை போய்க்கொண்டே இருக்கிறதே, அது மாதிரி. பெரும்பாலான படம் கெடுவது அழுத்திய நொடியில் உடம்பு நின்றுவிடுவதால்தான்.

நேர்ச்சாலையில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. தடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 120இல் வரும் கார் உங்களுக்கு 45 டிகிரி பக்கவாட்டில் இருக்கும்போது கேமரா திரும்பவேண்டிய வேகம், அது நேர் எதிரே வரும்போது இரட்டிப்பாகிவிடும். இடையில் கிடைப்பது 0.6 நொடி. வளைவின் உள்பக்கம், வட்டத்தின் மையத்தை ஒட்டி இடம் கிடைத்தால் தூரமும் மாறாது, திரும்பும் வேகமும் மாறாது. விமான ஓடுதளமான சோழவரத்தில் நீண்ட நேர்ச்சாலை. கரி தடத்தில் வளைவுகள் அதிகம், படக்காரருக்கு அது வரம். பழக வேண்டுமானால் பந்தயம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா நடக்கும்போது போங்கள். காங்கேயம் காளை 200 மீட்டர் ஓடி முடிக்கிறதுக்குள் உங்களுக்கு இரண்டு வாய்ப்பாவது கிடைக்கும். கார் நேர்கோட்டில் போகும். காளையின் முதுகு மேலும் கீழும் ஆடும். அதில் கண் மட்டும் தெளிவாக வந்த படம் ஒன்று எடுத்துவிட்டால் கார் உங்களுக்குச் சுலபம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு உண்மையான காரணம் வேறு. சோழவரம் போய்வந்த தலைமுறை இப்போது எழுபது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. வீடு காலி செய்யும்போது ஆல்பத்தில் ஒட்டிய படங்களை வைத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பெரும்பாலும் கோப்பை வாங்குவதும், காருக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பதும்தான். கலங்கிப்போன படம் என்று ஆல்பத்தில் ஒட்டாமல் உறையிலேயே விட்ட நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகின்றன. கார் உண்மையில் ஓடியதற்குச் சாட்சி அந்த உறையில்தான் இருக்கிறது.

சும்மா சொல்லவில்லை, அதிலிருந்து வேகத்தையே கணக்கிடலாம். பேனிங் படத்தில் பின்னால் இருக்கும் ஒரு கம்பமோ வெள்ளைப் புள்ளியோ எவ்வளவு நீளம் இழுபட்டிருக்கிறது என்று அளவுகோலால் அளங்கள். 1.8 செ.மீ. என்று வைப்போம். அதே படத்தில் காரின் நீளம் 13 செ.மீ. அது ஃபியட் என்றால் நிஜ நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். 1.8ஐ 13ஆல் வகுத்து 3.9ஆல் பெருக்கினால் 0.54 மீட்டர். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கார் அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. ஷட்டர் 1/60 என்றால் நொடிக்கு 32.4 மீட்டர், மணிக்கு 117 கி.மீ. லென்ஸ் என்ன, எத்தனை தூரத்தில் நின்றார் என்பதெல்லாம் வேண்டியதில்லை. கார் தெளிவாக இருக்கவேண்டும், பக்கவாட்டில் முழுசாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பழைய ஷட்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பத்துக்கு ஒன்றோ இரண்டோ பங்கு முன்பின் ஆகும். 1/1000இல் உறைந்த படத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடமுடியாது, அதில் இழுபட்டதே எதுவும் இல்லை.

ஆகவே அப்பா, சித்தப்பா, மாமா வீட்டுப் பரணில் நெகட்டிவ் உறை கிடைத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். காடி வாடை அடிக்கிற சுருளைத் தனியாகப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்றதையும் கெடுக்கும். வீட்டில் பெரியவர் இருந்தால் என்ன கேமரா, எந்த வருஷம், தடத்தில் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று இன்றைக்கே கேட்டு உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். முக்கியமாக, ஷட்டரை எதில் வைத்திருந்தார் என்று கேளுங்கள். படத்தை ஸ்கேன் செய்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்பினால் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.