ஆறரை மணிக் கேட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, அக்கா மகள் ஒரு நீள நோட்டை என் பைக்குள் வைத்தாள். "இதப் படிச்சுட்டு எதாவது எழுதுங்க சித்தி. எங்க காலேஜ் பேரு மட்டும் வேண்டாம்." ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் படித்து முடித்துவிட்டேன். படிக்க அதில் அதிகம் இல்லை. தேதி, நேரம், இடம், பேசியவர், வந்தவர்களின் கையெழுத்து, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அவ்வளவுதான்.

அவள் வெளியூரில் விடுதியில் தங்கி முதுநிலை வேளாண்மை படிக்கிறாள். பாடம் பயிர் இனப்பெருக்கம், பயிர் பருத்தி. துறையின் முதுநிலை மாணவர் மன்றத்துக்கு அந்த ஆண்டு அவள்தான் செயலாளர். நோட்டு அந்த மன்றத்தின் வருகைப் பதிவேடு.

முதல் கூட்டம் மாலை 6 மணிக்கு. 19 கையெழுத்து, அதில் 11 பெண்கள். இரண்டாவது கூட்டத்தில் பெண்கள் 7 பேர். நான்காவதில் இரண்டு பேர், அதில் ஒருத்தி செயலாளர். குறிப்புக் கட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: பெண்கள் ஆர்வம் காட்டவில்லை.

பெண்கள் விடுதிக் கேட்டு ஆறரைக்குப் பூட்டப்படும் என்பது அந்த நோட்டில் எங்கேயும் இல்லை.

முப்பது வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர் இந்த நோட்டைக் கண்டெடுத்தால் என்ன எழுதுவார்? ஆவணம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, குறிப்பும் இருக்கிறது. பெண்களுக்கு ஆர்வமில்லை என்றுதானே எழுதுவார்? பழைய சங்கங்களின் வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு இந்தப் பயம் வருகிறது. யார் வந்தார்கள் என்று ஆவணம் சொல்கிறது. எத்தனை மணிக்குக் கூடினார்கள், அந்த மணியில் யாரால் வெளியே நிற்க முடிந்தது என்பதை நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் வேளாண் மாணவர் சங்கங்களுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் கல்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்குப் போனது. அங்கே 1911இல் சென்னை வேளாண் மாணவர் சங்கம் உருவானது. படித்துக்கொண்டிருந்தவர்களும் படித்து முடித்து வேலைக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள். இரண்டே வருடத்தில், 1913இல், சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார்கள். பின்னாளில் 'மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்' என்று பெயர் பெற்ற அந்த ஆய்விதழ் இன்றும் வருகிறது. மாணவர் மன்றம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பெரும்பாலான மன்றங்கள் தொடக்க விழாவின் சால்வையோடு முடிந்துபோகும். ஓர் இதழைத் தொடர்ந்து கொண்டுவர வேண்டுமென்றால் சந்தா வசூலிக்க வேண்டும், கட்டுரை கேட்டு நடையாய் நடக்க வேண்டும், மெய்ப்புத் திருத்த வேண்டும், மாலைப் பொழுதுகளைக் கொடுக்க வேண்டும். அந்த மாலைகள் ஆண்களிடம் இருந்தன. வீட்டில் சோறு வேறு யாரோ வடித்துக்கொண்டிருந்தார்கள்.

1934இல் அதே கோயம்புத்தூருக்கு ஜானகி அம்மாள் வந்தார், கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் ஆய்வாளராக. 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் முதுநிலைப் பட்டமும் 1931இல் அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். மிச்சிகனில் அவர் தங்கியது மார்த்தா குக் என்ற பெண்கள் விடுதியில். கோவையில் 1939 வரை இருந்தார். கரும்போடு மக்காச்சோளத்தையும் மற்றப் புல்லினங்களையும் கலந்து பார்த்தார். அங்கே பெண் என்பதாலும் சாதியாலும் அவர் ஒதுக்கப்பட்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு லண்டன். 1945இல் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். அந்தப் பெருமைகளை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த ஐந்து கோவை வருடங்களின் சாயங்காலங்கள்தான் மனதில் நிற்கின்றன. நுண்ணோக்கியில் புதிதாக ஒன்றைக் கண்ட நாளில், வேலை முடிந்து யாரோடு உட்கார்ந்து அதைப் பேசியிருப்பார்?

அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அறிவியல் ஆய்வு செய்த பெண்கள் 1921இல் 'சிக்மா டெல்டா எப்சிலான்' என்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். கருத்தரங்கு, இதழ் எல்லாம் பிறகுதான். அவர்கள் முதலில் தேடியது சேர்ந்து தங்க ஒரு வீடு. வீடு கிடைத்தால் சாயங்காலம் கிடைக்கும் என்று தெரிந்திருக்கிறது.

நம் பக்கம் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு முதல் பெண் துணைவேந்தராக வெ. கீதாலட்சுமி வந்தது 2022இல். மாணவர் சங்கம் தொடங்கி அதற்குள் 111 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட விதிமுறை சொல்கிறது. அக்கா மகள் அதை அச்செடுத்து விடுதிக் காப்பாளரிடம் கொடுத்தாள். அவர் வாங்கி, மடித்து, மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

வழி பருத்திக் காட்டிலிருந்து வந்தது.

பருத்தியில் ஒட்டுச் சேர்ப்பது சாயங்கால வேலை. மறுநாள் மலரப்போகிற மொட்டைத் தேர்ந்தெடுத்து, கட்டைவிரல் நகத்தால் அடியில் சுற்றிக் கீறி, இதழையும் மகரந்தக் குழலையும் ஒரே திருகில் கழற்ற வேண்டும். சூலகத்தில் நகம் பட்டால் போச்சு. பிறகு சிவப்புக் காகிதப் பை போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து தடவி, நூல் கட்ட வேண்டும். பாடப்புத்தகத்தில் முதல் பாதிக்குப் பெயர் ஆண்மை நீக்கம். அவள் இதைச் சொன்னபோது அக்கா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

இந்த வேலைக்கு என்றால் பேராசிரியரின் கடிதத்தோடு பெண்கள் ஏழரை வரை வெளியே இருக்கலாம். அதாவது செடிக்காக இருட்டில் நிற்கலாம், பேசுவதற்காக நிற்கக் கூடாது. அவள் ஐந்தாவது கூட்டத்தை வயலுக்கு மாற்றினாள். பதிவேட்டில் இடம் என்ற கட்டத்தில் 'ஒட்டுப் பாத்தி, கிழக்கு வரிசை' என்று இருக்கிறது. நேரம் 4.30. ஆளுக்கொரு வரிசையில் மொட்டைக் கழற்றிக்கொண்டே ஒருத்தி தான் படித்த ஆய்வுக் கட்டுரையைச் சொல்வாள், அடுத்த வரிசையிலிருந்து கேள்வி வரும். முதலில் பையன்கள் கேலி செய்தார்களாம். டீயும் சுண்டலும் வயலுக்குப் போனதும் அவர்களும் வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் 16 கையெழுத்து, 10 பெண்கள்.

தமிழ் படித்தவளாக எனக்கு இதில் ஒரு சந்தோஷம். சங்கப் பாட்டில் மன்றம் ஊர்ப் பொதுவிடம். தோழிப் பெண்களின் கூட்டத்துக்குத் தனியாக ஒரு சொல் உண்டு, ஆயம். அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கோயில் கொண்டிருக்கிற ஆண்டாள், திருப்பாவையின் முப்பது பாட்டில் பத்தை, தூங்குகிறவளை எழுப்பிக் கூட்டிப்போவதற்கே செலவழிக்கிறாள். வீடு வீடாகப் போய் ஒவ்வொருத்தியாக எழுப்புகிறார்கள், வராதவளுக்கு ஆர்வமில்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போவதில்லை. விடியுமுன் தெருவில் இறங்கிய அந்தப் பெண்களை ஊரே மார்கழியில் பாடுகிறது. அதே ஊர்ப் பெண் ஆறரைக்கு உள்ளே போக வேண்டும்.

வயலுக்குப் போனதில் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒட்டுச் சேர்க்கக் கூலிக்கு வருகிற அக்காக்கள் அதே வரிசைகளில் இருந்தார்கள். மாணவிகள் ஒரு மொட்டைக் கழற்றுவதற்குள் அவர்கள் நாலைந்து கழற்றிவிடுவார்கள். எந்த மொட்டு நாளைக்குப் பூக்கும், எது ஏமாற்றும் என்பதை அவர்கள் இதழின் நிறத்தைப் பார்த்தே சொன்னார்கள். ஏழாவது கூட்டத்தில் 'பேசியவர்' கட்டத்தில் ஓர் அக்காவின் பெயர் இருக்கிறது. தலைப்பு, மொட்டுத் தேர்வு. மழைத் தூறல் விழுந்தால் பைக்குள் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள். நோட்டிலேயே நீளமான பதிவு அதுதான். வந்தவர் பட்டியலில் கூலிக்கு வந்த ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. மூன்று கையெழுத்து, இரண்டு ரேகை.

எதிரே, குறிப்புக் கட்டத்தில், பழைய அதே கையெழுத்து, இந்த முறை பென்சிலில்: இவர்கள் உறுப்பினர்களா?

நேற்று அவளிடமிருந்து போன் வந்தது. நோட்டைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்பச் சொன்னாள், துறையில் கேட்கிறார்களாம். அந்தக் கேள்வியை ரப்பர் வைத்து அழிக்கவா என்று கேட்டேன்.

"வேண்டாம் சித்தி, அது இருக்கட்டும். கீழ ரெண்டு வரி எடம் விட்டிருக்கேன்ல, பாக்கலையா?"