கொறங்காட்டு மண்

கொறங்காட்டு மண் என்பது தமிழ்நாட்டின் கொங்கு மண்டலத்தில், காங்கேயத்தைச் சூழ்ந்த வறண்ட பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களில் காணப்படும் ஆழம் குறைந்த, சரளை கலந்த செம்மண் ஆகும். கொறங்காடு என்பது உயிர்வேலியால் சூழப்பட்ட தனியார் மேய்ச்சல் நிலத்துக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் பெயராகும். இச்சொல் கொரங்காடு என்றும் எழுதப்படுவதுண்டு.

இம்மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறனும் ஊட்டச்சத்தும் குறைவு. ஆண்டுதோறும் உழுது பயிரிடுவதற்கு இது ஏற்றதன்று. ஆயினும் பல்லாண்டு வாழும் புல்வகைகள் இதில் நன்கு வளர்கின்றன. மண்ணிலுள்ள சரளை ஒருபுறம் மண்ணின் கொள்ளளவைக் குறைக்கின்றது. மறுபுறம் எஞ்சியுள்ள மண்ணை மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்கின்றது. இவ்விரு விளைவுகளையும் சேர்த்துப் பார்த்தாலே இம்மண்ணின் தன்மையைப் புரிந்துகொள்ள முடியும்.

அமைவிடமும் தட்பவெப்பமும்

கொறங்காடுகள் திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பகுதிகளிலும், அவற்றை அடுத்துள்ள ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் உள்ளன. காவிரியின் துணையாறுகளான நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலம் இவற்றின் மையப் பகுதி எனலாம். கால்வாய்ப் பாசனம் எட்டிய இடங்களில் வயல்களும் தோட்டங்களும் உருவாயின. பாசனம் எட்டாத சரளை மேடுகளில் மேய்ச்சல் நிலங்கள் நிலைத்தன.

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் வரை ஆகும். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கின்றது. சூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வலுவான காற்று வீசுகின்றது. இக்காற்று சிறிதளவே மழை தருகின்றது. மண்ணின் ஈரத்தையோ விரைவில் உலர்த்திவிடுகின்றது. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் பெய்யும் மழையைவிட ஆவியாகக்கூடிய நீரின் அளவு மிகுதி. இதனாலேயே இது அரைவறள் பகுதியாக வகைப்படுத்தப்படுகின்றது.

மண்ணின் தோற்றம்

இப்பகுதியின் அடித்தளம் பிரிகேம்பிரியன் காலத்தைச் சேர்ந்த நைசு, சார்னோக்கைட்டு முதலிய பழம்பாறைகளால் ஆனது. இவற்றை ஊடுருவிப் பெக்மடைட்டுப் பாறைப் பட்டைகள் செல்கின்றன. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் என்னும் மணிக்கல் இத்தகைய பெக்மடைட்டுகளில் உருவானதே.

பாறைகள் சிதையும்போது அவற்றிலுள்ள கனிமங்கள் ஒரே வேகத்தில் அழிவதில்லை. பெல்சுபார், மைக்கா ஆகியன மெல்லச் சிதைந்து களிமண்ணாக மாறுகின்றன. குவார்ட்சு எளிதில் சிதைவதில்லை. எனவே மென்மையான பகுதிகள் களியாகவும் மணலாகவும் மாறிய பின்னரும் குவார்ட்சுத் துண்டுகள் கற்களாகவே எஞ்சி நிற்கின்றன. மக்கள் வெங்கச்சங்கல் என்று அழைக்கும் வெண்கற்கள் இவையே. பாறையிலிருந்த இரும்பு ஆக்சிசனுடன் சேர்ந்து உருவாகும் ஏமடைட்டு என்னும் ஆக்சைடு மண்ணுக்குச் செந்நிறத்தைத் தருகின்றது.

மேற்பரப்பில் கற்கள் செறிந்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காற்றும் ஓடுநீரும் நுண்ணிய துகள்களை அகற்றும்போது, அவற்றால் அகற்ற முடியாத கற்கள் மேலே தங்கிவிடுகின்றன. ஆகவே கற்போர்வை அடர்ந்த ஓர் இடம் முற்காலத்தில் நிகழ்ந்த மண்ணரிப்பின் தடயமாகவும் இருக்கலாம்.

சரளையும் நுண்மண்ணும்

மண்ணியலில் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துகள்கள் மட்டுமே நுண்மண் எனக் கொள்ளப்படுகின்றன. மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். 2 முதல் 75 மில்லிமீட்டர் வரையுள்ள கற்கள் சரளை எனப்படுகின்றன.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் முறைப்படி, கன அளவில் 15 முதல் 35 விழுக்காடு வரை சரளை இருந்தால் அது சரளை மண் எனவும், 35 முதல் 60 விழுக்காடு வரை இருந்தால் மிகுசரளை மண் எனவும் அழைக்கப்படும். கொறங்காட்டு நிலங்களில் சரளையின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். மேட்டிலும் சரிவிலும் இது மிகுதியாகவும், ஓடையோரப் பள்ளங்களில் குறைவாகவும் இருக்கும்.

மண் அடுக்குகள்

கொறங்காடு ஒன்றில் குழி வெட்டினால் பொதுவாகப் பின்வரும் அடுக்குகளைக் காணலாம்.

மேலடுக்கு: ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் உடையது. மணற்பாங்கானது, சரளையும் புல்வேர்களும் கலந்தது. மக்கிய பொருள் சேர்வதால் சற்றுப் பழுப்பு நிறமாக இருக்கும்.

இடையடுக்கு: செந்நிறமானது. மேலடுக்கைவிடக் களி சற்று மிகுதி. சரளையும் பெரும்பாலும் மிகுந்திருக்கும்.

அடியடுக்கு: முரம்பு எனப்படும் அரைகுறையாகச் சிதைந்த பாறை. பல இடங்களில் இதனுடன் சுக்கான் கல் எனப்படும் சுண்ணாம்பு முடிச்சுகள் காணப்படும். மழைநீரில் கரைந்து கீழிறங்கும் கால்சியம், நீர் உலரும் ஆழத்தில் கார்பனேட்டாகப் படிவதால் இவை உருவாகின்றன. மழை மிகுந்த நாடுகளில் இச்சுண்ணாம்பு முற்றிலும் கரைந்து வெளியேறிவிடும். எனவே சுக்கான் கல் வறட்சியின் ஓர் அடையாளம் ஆகும்.

முரம்புக்கு மேலுள்ள மண்ணின் ஆழம் பல இடங்களில் 50 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே உள்ளது.

நீர்ப்பிடிப்பு

சரளைக் கற்கள் பயிருக்குப் பயன்படும் நீரை ஏறக்குறைய சேமிப்பதில்லை. அவை எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு ஏற்ப மண்ணின் நீர்க்கொள்ளளவு குறைகின்றது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மீட்டர் ஆழத்தில் 120 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குத் தரக்கூடிய நுண்மண் ஒன்றைக் கொள்வோம். அதன் ஆழம் 50 சென்டிமீட்டர் எனில் 60 மில்லிமீட்டர் நீர் இருக்கும். அதில் கன அளவில் 40 விழுக்காடு சரளை இருப்பின் 36 மில்லிமீட்டர் மட்டுமே எஞ்சும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் செலவாகுமாயின், முன்னது 12 நாட்களுக்கும் பின்னது ஏறத்தாழ 7 நாட்களுக்கும் போதுமானது. மழை ஒரு வாரத்துக்கு மேல் தவறினால் இத்தகைய மண்ணில் தானியப் பயிர் வாடத் தொடங்குவதன் காரணம் இதுவே.

எனினும் இதே கணக்கு சிறுமழையில் எதிர்மாறான பயனைத் தருகின்றது. முற்றிலும் உலர்ந்த மேற்கூறிய நுண்மண்ணில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் ஆழம் வரை நனையும். 40 விழுக்காடு சரளை உள்ள மண்ணில் அதே மழை ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கும். ஆழத்தில் இறங்கிய ஈரம் வெயிலில் எளிதில் ஆவியாவதில்லை. சிறுமழைக்குப் பின் கொறங்காட்டுப் புல் விரைவில் பசுமை பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

மேற்பரப்பில் கிடக்கும் கற்கள் மூடாக்காகவும் செயற்படுகின்றன. மழைத்துளிகளின் தாக்குதலை அவை தாங்கிக்கொள்வதால் மண் கட்டிகள் சிதறுவதில்லை. நீர் உட்புகும் துளைகளும் அடைபடுவதில்லை. ஆனால் கற்கள் மண்ணின் மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். மிதிபட்டு இறுகிய மேற்பரப்பில் கற்கள் பதிந்துவிட்டால், அவையே நீர் உட்புகுவதைத் தடுத்து நீரோட்டத்தை மிகுவிக்கும்.

ஊட்டச்சத்து

இம்மண் பெரும்பாலும் நடுநிலை அல்லது சற்றுக் காரத் தன்மை கொண்டது. சுண்ணாம்பு மிகுந்த இடங்களில் காரத்தன்மை கூடும். அத்தகைய இடங்களில் மணிச்சத்து எனப்படும் பாசுபரசு கால்சியத்துடன் பிணைந்து, பயிருக்கு எளிதில் கிடைக்காமற் போகின்றது. வெப்பத்தால் இலைதழைகள் விரைவில் சிதைந்துவிடுவதால் அங்ககக் கரிமமும் தழைச்சத்தும் குறைவாகவே இருக்கும். பெல்சுபார், மைக்கா ஆகிய கனிமங்களிலிருந்து சாம்பல்சத்து ஓரளவு கிடைக்கின்றது. காங்கேயம் மாடுகளின் உறுதிக்கு இம்மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தே காரணம் என்னும் கருத்து இவ்வட்டாரத்தில் பரவலாக உள்ளது.

மண் ஆய்வில் கவனிக்க வேண்டியவை

ஆய்வகங்களில் மண் மாதிரி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கப்பட்டு, கற்கள் நீக்கப்பட்ட பின்னரே ஆய்வு செய்யப்படுகின்றது. ஆகவே ஆய்வு முடிவு நுண்மண்ணை மட்டுமே குறிக்கும். எக்டேருக்கு 200 கிலோகிராம் தழைச்சத்து என்று ஆய்வறிக்கை கூறினாலும், கன அளவில் 40 விழுக்காடு சரளை உள்ள நிலத்தில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 120 கிலோகிராம் மட்டுமே. இத்திருத்தத்தைச் செய்யாவிடில் நிலத்தின் வளம் மிகையாக மதிப்பிடப்படும்.

சரளையின் அளவை எளிய முறையில் கணிக்கலாம். கன அளவு தெரிந்த சிறு குழியிலிருந்து மண் முழுவதையும் எடுத்து, சலித்து, கற்களைக் கழுவி உலர்த்தி எடை பார்க்க வேண்டும். குவார்ட்சுக் கல் ஒரு லிட்டர் கன அளவுக்கு ஏறத்தாழ 2.65 கிலோகிராம் எடை கொண்டது. 10 லிட்டர் குழியில் 10.6 கிலோகிராம் கற்கள் கிடைத்தால் அவற்றின் கன அளவு 4 லிட்டர், அதாவது 40 விழுக்காடு ஆகும். எடை விழுக்காடும் கன அளவு விழுக்காடும் ஒன்றல்ல. கற்கள் மண்ணைவிட அடர்த்தி மிகுந்தவை என்பதால் எடை விழுக்காடு எப்போதும் மிகுதியாகவே இருக்கும்.

தாவரங்களும் மேய்ச்சலும்

கொறங்காட்டின் முதன்மையான புல் கொழுக்கட்டைப் புல் ஆகும். இது பல்லாண்டு வாழ்வது. மழையின்றி மேற்பகுதி காய்ந்தாலும் அடித்தூர் உயிருடன் இருந்து, அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். இதன் நார்வேர்கள் கற்களுக்கு இடையே பரவி மண்ணைப் பிணைக்கின்றன. நரிப்பயறு போன்ற பயறுவகைச் செடிகளும் புல்லுடன் கலந்து வளர்கின்றன. இடையிடையே நிற்கும் வெள்வேல மரங்கள் கால்நடைகளுக்கு நிழலும், தீவனமாகும் காய்களும் தருகின்றன. மரத்தடி மண்ணில் இலைச்சருகும் சாணமும் சேர்வதால் அது திறந்தவெளி மண்ணைவிட வளமாக இருக்கும்.

கொறங்காடுகள் மேய்க்கால் புறம்போக்கு நிலங்கள் அல்ல. பட்டா நிலங்கள் ஆகும். ஒவ்வொரு நிலத்தையும் சுற்றி முட்கிளுவை வேலி அமைக்கப்படுகின்றது. கிளுவைப் போத்துகளை நட்டாலே அவை வேர்பிடித்து உயிர்வேலியாகும். இவ்வேலி காற்றின் வேகத்தையும் குறைக்கின்றது. கால்நடைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்கு முறைமாற்றி விடப்படுவதால், மேயப்பட்ட புல் மீண்டும் வளர்வதற்கு இடைவெளி கிடைக்கின்றது. காங்கேயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் இங்கு மேய்க்கப்படுகின்றன. அவற்றின் சாணமும் புழுக்கையும் மண்ணுக்கே திரும்புகின்றன.

மண் சீர்கேடு

அளவுக்கு மீறிய மேய்ச்சலால் கொழுக்கட்டைப் புல் குறைந்து, கால்நடைகள் விரும்பாத ஆவாரை, கொழிஞ்சி முதலியன மிகும். வேலி சிதைந்த நிலங்களில் சீமைக் கருவேலம் பரவுகின்றது. புற்போர்வை நீங்கிய மண் மிதிபட்டு இறுகுவதால் மழைநீர் உட்புகாமல் ஓடி, நுண்மண்ணை அரித்துச் செல்கின்றது. ஆழமான மண்ணில் சில சென்டிமீட்டர் இழப்பு உடனே புலப்படாது. ஒரு முழ ஆழமே உள்ள இம்மண்ணில் அதே இழப்பு நீர்க்கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பங்கினைப் போக்கிவிடும்.

கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் நிரப்புவதற்காகச் சரளை மண் வெட்டி எடுக்கப்படுவது மற்றோர் இழப்பாகும். இந்தியச் சட்டப்படி சரளை ஒரு சிறுகனிமம் ஆகும். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் அனுமதி பெற்றே அதனை எடுக்க வேண்டும். ஆனால் அனுமதியுடன் எடுத்தாலும், இன்றி எடுத்தாலும் மண்ணுக்கு நேரும் விளைவு ஒன்றே. பாறை சிதைந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகலாம். முரம்பு வரை வெட்டப்பட்ட குழியில் புல் மீண்டும் நிலைகொள்வது அரிது. வீட்டுமனைகள், தொழிற்கூடங்கள், காற்றாலைகள் ஆகியவற்றுக்காகவும் கொறங்காடுகள் கைமாறியுள்ளன.

பாதுகாப்பு

இம்மண்ணைக் காப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. புல் பூத்து விதை உதிரும் வரை மேய்ச்சலைத் தவிர்த்தல், புல் மெலிந்த இடங்களில் பருவமழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதை தூவுதல், கிளுவை வேலியின் இடைவெளிகளைப் போத்து நட்டு அடைத்தல், சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள் அமைத்தல் ஆகியன பயன்தரும் முறைகளாகும். மேற்பரப்புக் கற்களை முற்றிலும் பொறுக்கி அகற்றுவது நன்மை தராது.

பயிர் விளையாத நிலம் என்பதால் கொறங்காடு தரிசு எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் இதன் விளைச்சல் தானியமாக அன்றி, கால்நடையாகவும் பாலாகவும் எருவாகவும் கிடைக்கின்றது. சரளை, புல், வேலி, கால்நடை ஆகிய நான்கும் இணைந்தே இம்மண்ணை நிலைநிறுத்துகின்றன. இவற்றுள் புல்லையும் வேலியையும் மீட்டெடுக்கலாம்; கால்நடைகளையும் மீண்டும் கொண்டுவரலாம். சரளையோடு சேர்ந்த மண்ணை மட்டும் மீண்டும் உருவாக்குவது மனிதரின் வாழ்நாளில் இயலாததாகும்.