நாடோடியும் மன்னனும்: ஒரு கற்பனை நாட்டின் அரசியலும் பொருளியலும்

இராசா ராணிப் படங்கள் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் தமிழ்த் திரைப்படங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவற்றில் வரும் நாடு எந்த நிலப்படத்திலும் இல்லை. அரசனுக்கு வரலாறு இல்லை, போருக்கு ஆண்டு இல்லை. ஆயினும் 1950களில் தமிழ்நாட்டில் வெளிவந்த இத்தகைய கற்பனைப் படங்கள் அக்காலத்தின் மேடைப் பேச்சுக்கு நிகரான அரசியல் ஆவணங்கள் ஆகும். அவற்றுள் 1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ தலையாயது. அப்படத்தில் பொதிந்துள்ள அரசியல், பொருளியல் குறியீடுகள் யாவை, அவை யாரிடமிருந்து மறைக்கப்பட்டன, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அவை எவ்வாறு பொருள்படுகின்றன என்னும் மூன்று வினாக்களை இவ்வுரையில் ஆராய்வோம்.

மறைபொருள் காணும் முறை

கற்பனைக் கதைக்குள் பொருளியல் காணும் முயற்சிக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ‘ஆஸ் நாட்டு மந்திரவாதி’. அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம் 1900இல் எழுதிய சிறுவர் நூல் அது. 1939இல் புகழ்பெற்ற திரைப்படமாயிற்று. 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்னும் பள்ளி ஆசிரியர் இக்கதைக்கு ஒரு புதிய விளக்கம் தந்தார். வைக்கோல் பொம்மை உழவர். தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. மஞ்சள் செங்கற்பாதை தங்கம். சிறுமியின் வெள்ளிக் காலணி வெள்ளி நாணயம். 1890களில் அமெரிக்க உழவர் இயக்கம், தங்கத்தோடு வெள்ளியையும் நாணய அடிப்படையாக்கக் கோரிய போராட்டமே கதையின் உட்பொருள் என்பது அவர் கருத்து. திரைப்படத்தில் வண்ணப் பொலிவு கருதி வெள்ளிக் காலணி மாணிக்கச் சிவப்பாக்கப்பட்டது. அத்துடன் அக்குறியீடே அழிந்தது. பாம் அவ்வியக்கத்தின் ஆதரவாளர் என்பதற்குச் சான்று இல்லை என்று பின்னாளில் லிட்டில்ஃபீல்டே ஒப்புக்கொண்டார்.

இவ்வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. எந்தக் கதையிலும் எந்தப் பொருளையும் ஏற்றிக் கூற இயலும். எனவே குறியீடு என்று நாம் சொல்வதற்குப் படைத்தவரின் சார்பு, படைப்பின் சான்று, பார்த்தவரின் அறிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குதல் வேண்டும். ‘நாடோடி மன்னன்’ இம்மூன்று தேர்விலும் நிற்கிறது. ஆஸ் நாட்டுக் கதையின் அரசியலைக் கண்டுபிடிக்க அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. ‘நாடோடி மன்னன்’ படத்தின் அரசியலோ முதற்காட்சியிலேயே கண்முன் நின்றது.

கொடியும் கதையும்

எம்.ஜி.இராமச்சந்திரன் இப்படத்தைத் தாமே தயாரித்து, முதன்முறையாகத் தாமே இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்தார். படம் வென்றால் தாம் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் கூறியதாக வழங்கும் செய்தி பலரும் அறிந்தது. அவருடைய நிறுவனத்தின் முத்திரையில் ஓர் ஆணும் பெண்ணும் திராவிட முன்னேற்றக் கழகக் கொடியை ஏந்தி நிற்பர். 1949இல் தோன்றிய அக்கழகம் தேர்தலில் முதன்முதலாகப் போட்டியிட்டது 1957இல். படம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. மாநிலத்தில் காமராசர் தலைமையில் காங்கிரசு ஆட்சி. தணிக்கை நடுவண் அரசின் கையில். கழகமோ அப்போது திராவிட நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிடவில்லை. அது கைவிடப்பட்டது 1963இல்தான். நிலப்படத்தில் இல்லாத ஒரு நாட்டைக் கோரிய இயக்கத்திற்கு, நிலப்படத்தில் இல்லாத இரத்தினபுரி என்னும் நாடு திரையில் கிடைத்தது. கற்பனை நாடு, கோரும் நாட்டின் ஒத்திகை ஆயிற்று.

கதைக்கு மூலங்களாகக் குறிக்கப்படுவன மூன்று ஆங்கிலப் படங்கள். ‘தி பிரிசனர் ஆஃப் செண்டா’ உருவ ஒற்றுமை என்னும் கருவைத் தந்தது. ‘இஃப் ஐ வேர் கிங்’ ஏழைக் கவிஞன் ஒருவன் சில நாள் அதிகாரம் பெறுவதைக் காட்டியது. ‘விவா சபாட்டா’ மெக்சிகோ நாட்டு உழவரின் நிலப் போராட்டத்தைச் சொன்னது. செண்டாக் கதையில் அரசனைப் போன்ற தோற்றமுடையவன் அவனுக்குத் தொலைவில் உறவுடைய உயர்குடி ஆங்கிலேயன். அவன் செய்வதெல்லாம் உரியவனிடம் அரியணையைக் காத்து ஒப்படைப்பதே. தமிழ்ப் படத்தின் வீராங்கனோ முடியாட்சியை எதிர்க்கும் மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன். மன்னன் மார்த்தாண்டனின் இடத்தில் அமர நேர்ந்தவுடன் அவன் ஆணைகளை வெளியிடுகிறான். நிலமற்றவர்க்கு நிலம், வேலையற்றவர்க்கு வேலை, ஏழையர்க்குக் கல்வி என்னும் போக்கில் அவை அமைகின்றன. ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கை அரச ஆணையின் நடையில் வாசிக்கப்படுகிறது.

படத்தின் பொருளியல் பாடலிலும் உண்டு. பொதுவுடைமைச் சார்புடைய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய உழவர் பாடல், விளைச்சல் பெருகியும் உழைத்தவர்க்கு மிஞ்சுவது என்ன என்று கேட்கிறது. உபரி யாரிடம் சேர்கிறது என்னும் பொருளியலாரின் கேள்விதான் அது. உழவர் பேசும் எளிய மொழியில் வருவதால் எவருக்கும் கடினமாக இல்லை. அக்கவிஞர் மறு ஆண்டிலேயே, தம் 29ஆம் வயதில் மறைந்தார்.

இராசகுரு என்னும் குறியீடு

படத்தின் பகைவன் மன்னன் அல்லன், இராசகுரு. பி.எஸ்.வீரப்பா அப்பாத்திரத்தில் நடித்தார். 1950இல் மு.கருணாநிதியின் எழுத்தில் வந்த ‘மந்திரி குமாரி’யிலும் சூழ்ச்சியின் மையம் இராசகுருவே. மன்னன் நல்லவன், அல்லது திருந்தக் கூடியவன். அவனுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவனே கேட்டிற்குக் காரணம் என்பது இப்படங்களின் கட்டமைப்பு. சமயத் தலைமைக்கும் அரசியல் அதிகாரத்திற்கும் உள்ள உறவைக் கண்டித்த பகுத்தறிவு இயக்கத்தின் கருத்து, எந்தச் சாதியின் பெயரும் சொல்லாமல், ஒரு பதவிப் பெயரிலேயே அடங்கிவிட்டது. தணிக்கையாளர் வெட்டுவதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. பார்வையாளர் புரிந்துகொள்ள அந்த ஒரு சொல்லே போதும். மறைபொருள் என்பது இங்கே ஆட்சியாளரிடமிருந்து மறைத்த பொருள். மக்களுக்கு அது வெளிப்பொருளே.

மலாயாத் தமிழரும் இக்குறியீடுகளுக்கு அயலார் அல்லர். பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியிலும், மீண்டும் 1954இலும் இங்கு வந்து பேசியுள்ளார். சுயமரியாதைக் கருத்துகள் மன்றங்கள் வழியாகவும் இதழ்கள் வழியாகவும் தோட்டங்கள்வரை சென்றிருந்தன. பிரிக்பீல்ட்ஸ் லிடோ திரையரங்கிலும், தோட்டத்துத் திடலில் கட்டிய வெண்திரையிலும் தமிழ்ப் படம் பார்த்த மக்களுக்கு இராசகுருவை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சொல்லுக்குள் இருக்கும் வரலாறு

படத்தின் தலைப்பை மொழியியல் நோக்கில் காண்போம். ‘நாடோடி’ என்பது நாடு, ஓடு என்னும் இரு சொற்களின் கூட்டு, ஓரிடத்தில் நில்லாதவன். ‘மன்னுதல்’ என்பதற்கு நிலைபெறுதல் என்பது பொருள். ‘மன்னன்’ என்னும் பெயரை அவ்வினையோடு இயைத்துப் பொருள் கூறுவது மரபு. எனவே நில்லாதவனையும் நிலைத்தவனையும் ஒருங்கே நிறுத்தும் முரண்தொடர் இத்தலைப்பு. தமிழ்நாட்டில் இது ஏழைக்கும் அரசனுக்கும் உள்ள முரண். மலாயாவில் இதற்கு வேறொரு கூர்மை உண்டு.

படம் வெளிவந்தபோது மலாயா விடுதலை பெற்று ஓராண்டும் நிறைவடையவில்லை. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பின்னும் இங்குப் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள் ஆயினர். கடல் கடந்து வந்த மூத்தோர் பலர், வாழ்ந்த காலம் முதலிய தகுதிகளைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நாற்பதாண்டு பால் வெட்டியவரும் தாளில் நாடோடியாகவே இருக்கக் கூடும் என்பது அன்றைய நிலை. தமிழில் ‘குடி’ என்னும் ஒரே அடியிலிருந்து குடியேறியவன், குடிமகன், குடியுரிமை ஆகிய சொற்கள் பிறக்கின்றன. மொழி இவ்வளவு அருகில் வைத்த சொற்களுக்கிடையே வாழ்க்கை எத்துணைத் தொலைவு வைத்தது என்பதை 1969க்குப் பின் வந்த வேலை அனுமதி விதி காட்டியது. சிவப்பு அடையாள அட்டையுடன் இருந்த பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர்.

‘துரை’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. தலைவன், ஆள்வோன் என்பது அதன் பழம்பொருள். தோட்டத்தில் அது வெள்ளைக்கார மேலாளரைக் குறித்தது. துரைக்குக் குன்றின்மேல் மாளிகை, கீழே லயம், இடையில் கிராணியும் கங்காணியும். ஆள்வோனுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவனைப் பகைவனாகக் காட்டும் கதை, இத்தகைய அமைப்பில் வாழ்ந்தோர்க்குக் கற்பனைக் கதையாகத் தோன்றியிராது. தோட்டமே ஒரு சிற்றரசு.

படத்தின் முற்பகுதி கறுப்பு வெள்ளை. கதை கன்னித்தீவுக்குச் செல்லும்போது கேவா வண்ணம் தொடங்குகிறது. ஆஸ் படத்திலும் ஊர் மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். கனவு நாட்டில் வண்ணம் மலரும். ஆனால் தமிழ்ப் படத்தின் தீவு கனவு நாடன்று. இராசகுரு ஓர் இளம்பெண்ணை உலகறியாமல் வளர்த்து, அவள் வழியாக ஆட்சியைக் கைப்பற்ற எண்ணும் இடம் அது. அழகும் அடிமைத்தனமும் ஒரே நிலத்தில் இருக்கின்றன. கிள்ளான் மக்களுக்கு அடுத்தே கேரித் தீவு உண்டு. நீர் சூழ்ந்த, முழுதும் தோட்டமான தீவு. பச்சைப் பசேலென்ற நிலத்தில் வெளியுலகம் அறியாமல் வாழ்வது என்றால் என்ன என்பதை அவர்கள் திரைக்கு வெளியிலேயே அறிவர்.

கிள்ளான் எழுதிய ஆணைகள்

வீராங்கன் திரையில் ஆணை வாசிப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் தம் கோரிக்கைகளைத் தாமே எழுதினர். கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அவ்வியக்கத்தில் முன்னின்றார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். மற்றுமொரு கோரிக்கை உண்டு: துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை. கூலி உயர்வு கணக்கில் அடங்கும்; இது மானத்தில் அடங்குவது. அரசன் முன் குடிகள் வாகனம் விட்டு இறங்கும் பழங்கதை வழக்கம் இரப்பர்க் காட்டுச் செம்மண் சடக்கில் உயிருடன் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் உயிர்கள் பறிக்கப்பட்டன, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் படத்தின் எல்லையும் தெரிகிறது. இரத்தினபுரியில் சீர்திருத்தம் அரியணையிலிருந்து இறங்கி வருகிறது. நல்லவன் ஒருவன் மன்னனாக வேண்டும். அவன் ஆணையிட வேண்டும். மக்கள் வாழ்த்த வேண்டும். எம்.ஜி.ஆர். படிமத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியன், அப்படிமம் ஏழையரின் விருப்பங்களைத் தன்வயமாக்கி அவர்களையே கட்டிப்போட்டது என்று 1992இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவ்வாதத்தை நாம் முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. உழைப்பவனுக்கு நிலம் என்னும் கருத்தை எழுத்தறியாதவர் செவிக்கும் கொண்டு சென்றது சிறு செயலன்று. எனினும் கிள்ளான் தொழிலாளர் எந்த மன்னனுக்காகவும் காத்திருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

படம் வந்த காலத்தில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றுச் சென்றுகொண்டிருந்தனர். வாங்கியோர் அவற்றைத் துண்டுகளாக்கினர். வேலையும் லயமும் ஒருங்கே பறிபோயின. அதற்கு மறுமொழியாக 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்கு செலுத்தித் தோட்டங்களையே வாங்கினர். திரையில் அரச ஆணையால் கிடைத்த நிலம் இங்கே தொழிலாளரின் சேமிப்பால் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் வழியே செல்லும் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நிறைவாக

ஒரு கற்பனைப் படத்தின் பொருளை எழுதியவர் மட்டும் முடிவு செய்வதில்லை. இருளில் அமர்ந்து பார்த்தவரும் முடிவு செய்கின்றனர். சென்னையில் அது கட்சியின் கொடி. கிள்ளானில் அது துரையின் மாளிகையை வேறு கண்ணால் பார்க்க உதவும் ஒரு கண்ணாடி. முதலாவதைப் பற்றிக் கா.சிவத்தம்பி, பாண்டியன் முதலியோர் எழுதியுள்ளனர். இரண்டாவதை எழுதுதல் நம் கடன். திடலில் பாய் விரித்து அமர்ந்து படம் பார்த்த தலைமுறையினர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். தோட்டங்கள் வீட்டுமனைகளாகி, துரை, கிராணி, பெரட்டுக்களம் ஆகிய சொற்களும் வழக்கிழந்து வருகின்றன. எந்தக் காட்சிக்குக் கைதட்டினர், எந்தச் சொல்லுக்கு அமைதியாயினர், வீடு திரும்பும் வழியில் என்ன பேசினர் என்பதை அவர்களிடமே கேட்டு, அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவுசெய்தல் வேண்டும். மொழி அமைப்புகளும் தமிழ்ப்பள்ளி மாணவரும் சேர்ந்து ஊருக்கு ஒருவராகத் தொடங்கினாலும் இது இயலக்கூடிய பணியே.